மருத்துவமனையும் சூழல் சுமையும்: பெங்களூருவில் நடக்கும் பல்துறை ஆய்வு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல், மருத்துவம், செவிலியம், பொதுச் சுகாதாரம் என்று பல படிப்புகளுக்காகவும் இங்குள்ள மருத்துவமனைகளில் வேலைக்காகவும் பெங்களூருவுக்கு வந்திருக்கும் தமிழர்கள் எங்கள் ஆய்வுக் குழுவிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து சிகிச்சைக்காக வந்துபோகும் குடும்பத்தினர் கேட்டவையும் இதில் உண்டு. சில கேள்விகளுக்கு நான்கைந்து வரி போதும். வேறு சில அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

உயிர் காக்கும் மருத்துவமனையைப் போய், சூழலைக் கெடுக்கிறது என்று சொல்வது நியாயமா?

குற்றம் சாட்டுவது எங்கள் நோக்கம் அன்று. ஆனாலும் மருத்துவமனைக்கும் ஒரு சூழல் சுமை உண்டு. அது சிறியதும் அன்று. ‘ஹெல்த் கேர் வித்தவுட் ஹார்ம்’ என்ற அமைப்பும் ‘அரூப்’ என்ற பொறியியல் நிறுவனமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் 4.4 சதவீதம் சுகாதாரத் துறையினுடையது. அதில் மருத்துவமனைக் கட்டடங்களிலிருந்தும் வாகனங்களிலிருந்தும் நேரடியாக வெளியேறுவது 17 சதவீதம். விலைக்கு வாங்கும் மின்சாரம் போன்றவற்றால் வருவது 12 சதவீதம். எஞ்சிய 71 சதவீதம், மருந்து, கருவி, துணி, உணவு, பிளாஸ்டிக் என்று மருத்துவமனை வாங்கும் பொருள்களை உற்பத்தி செய்வதிலும் ஏற்றி இறக்குவதிலும் கடைசியில் அகற்றுவதிலும் உண்டாகிறது. அதனால்தான், மொட்டைமாடியில் சோலார் தகடு, வாசலில் செடித்தொட்டி என்று தொடங்கி அத்துடன் நின்றுவிடும் ‘பசுமை மருத்துவமனை’த் திட்டங்களை நாங்கள் சற்று ஐயத்தோடு பார்க்கிறோம்.

அதே கணக்கில் இந்தியா மொத்த அளவில் உலகில் ஏழாவது இடத்தில் இருந்தாலும், ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்க்கும் தலைக்கணக்கில் மிகக் குறைந்த நாடுகளின் வரிசையில் இருக்கிறது. தலைக்கணக்கு குறைவதற்கு நம் மருத்துவமனைகளின் சிக்கனம் ஒரு காரணம். பலருக்குச் சிகிச்சையே எட்டாமல் இருப்பது இன்னொரு காரணம். இரண்டாவதை மாற்றியே ஆகவேண்டும். மாற்றும்போது முதலாவதையும் சேர்த்துத் தொலைத்துவிடாமல் இருப்பது எப்படி என்பதுதான் எங்கள் ஆய்வுகள் அனைத்துக்கும் அடியில் இருக்கும் கேள்வி.

இதற்கு ஏன் இத்தனை துறைகள்? ஒரு டாக்டரும் ஒரு பொறியாளரும் போதாதா?

மயக்க மருந்தை எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சையின்போது நோயாளி உள்ளிழுக்கும் டெஸ்ஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் போன்ற வாயுக்களில் உடலுக்குள் மாற்றமடைவது மிகச் சொற்பம். ஏறக்குறைய முழுவதும் வெளிமூச்சில் அப்படியே திரும்பி, ஓ.டி. எனப்படும் அறுவை அரங்கின் கழிவுவாயுக் குழாய் வழியாக வெளிக்காற்றில் கலந்துவிடுகிறது. டெஸ்ஃப்ளூரேன் வளிமண்டலத்தில் ஏறத்தாழ 14 ஆண்டுகள் தங்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் சுமார் 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். செவோஃப்ளூரேன் ஓரிரு ஆண்டுகளில் சிதைந்துவிடும். அதன் மடங்கு இருநூறுக்குள் அடங்கும். பெரும்பாலான அறுவை சிகிச்சைகளுக்கு இரண்டாவதே போதும் என்று மயக்கவியல் மருத்துவர்கள் உறுதிசொன்ன பிறகுதான், ஸ்காட்லாந்து 2023இல் டெஸ்ஃப்ளூரேனைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2026 ஜனவரி முதல் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. மடங்கைக் கணக்கிட்டவர் வளிமண்டல வேதியியலர். மாற்று மருந்து பாதுகாப்பானது என்று சொல்லக்கூடியவர் மருத்துவர் மட்டுமே.

நைட்ரஸ் ஆக்சைடு விஷயம் இன்னும் சுவையானது. எடின்பரோ வட்டாரத்து மருத்துவமனைகளில், வாங்கிய வாயுவின் அளவையும் மயக்கவியல் பதிவுகளில் இருந்த பயன்பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வாங்கியதில் பெரும்பகுதி நோயாளியை எட்டும் முன்பே குழாய்த் தொடரிலும் சிலிண்டர் அறையிலும் கசிந்து வீணாகிறது என்பது தெரியவந்தது. நூறாண்டுக்கு மேல் காற்றில் தங்கி, கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு சூடேற்றும் வாயு அது. எந்த மருத்துவமனையிலும் கொள்முதல் கணக்கு ஸ்டோரில் இருக்கும். பயன்பாட்டுக் கணக்கு மயக்கவியல் துறையில் இருக்கும். குழாயின் வரைபடம் பராமரிப்புப் பொறியாளரின் அலமாரியில் இருக்கும். மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர யாரும் இல்லையென்றால், கசிவு எவர் கண்ணிலும் படாது.

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகள்தானா? நம் பக்கத்தில் எதுவும் இல்லையா?

உலகம் முழுவதும் இந்தத் துறையில் மேற்கோள் காட்டப்படும் எடுத்துக்காட்டே நம் பக்கத்தினுடையதுதான். டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கண்புரை அறுவை சிகிச்சையை, அமெரிக்காவின் சூழல் பொறியியல் ஆய்வாளர் ஒருவரும் அரவிந்தின் கண் மருத்துவர்களும் சேர்ந்து அளந்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புரையை ஒலியலையால் உடைத்து உறிஞ்சியெடுக்கும் ஒரு ஃபேக்கோ அறுவை சிகிச்சைக்கு அங்கே உண்டாகும் கழிவு 250 கிராம். கரியமில வாயுக் கணக்கில் அதன் சுமை ஏறத்தாழ 6 கிலோ. பிரிட்டனில் அதே அறுவை சிகிச்சைக்கு ஆகும் சுமையில் இது சுமார் 5 சதவீதம்தான். சிகிச்சையின் பலனோ இரண்டு இடத்திலும் ஒப்பிடத்தக்கதாக இருந்தது.

இது எப்படி முடிகிறது என்பதை ஓ.டி.க்குள் நின்று பார்த்தால்தான் புரியும். ஒரே அறையில் இரண்டு மேசைகள் இருக்கும். ஒன்றில் அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததில் இன்னொரு நோயாளியைச் செவிலியர்கள் ஆயத்தப்படுத்திவிடுவார்கள். மருத்துவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்வார். உலோகக் கருவிகள் விரைவுச் சுழற்சியில் கிருமிநீக்கம் செய்யப்பட்டு மறுபடியும் தட்டுக்கு வரும். ஒரு சொட்டு மருந்துப் புட்டி ஒரு நோயாளியோடு குப்பைக்குப் போகாது. பலருக்கும் பயன்பட்டுத் தீரும். விதிகள் கெடுபிடியாக உள்ள நாடுகளில் பாதிகூடத் தீராத அந்தப் புட்டி அறுவை சிகிச்சை முடிந்த கையோடு தூக்கியெறியப்படுகிறது. அப்படியானால் தொற்று கூடுமே என்ற கேள்வி உடனே எழும். அரவிந்தில் நடந்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவை சிகிச்சைகளை அலசி 2019இல் வெளியான ஆய்வில், கண்ணுக்குள் ஏற்படும் கடும் தொற்று பத்தாயிரத்துக்கு நான்கு என்ற அளவில்தான் இருந்தது. கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து செலுத்தப்பட்டவர்களிடம் அது மேலும் குறைந்தது.

அரவிந்த் இந்த முறையைச் சூழலுக்காக வகுத்துக்கொள்ளவில்லை. ஏழைக்கும் கட்டுப்படியாகும் செலவில் அதிகம் பேருக்குப் பார்வை தரவேண்டும் என்பதற்காக வகுத்துக்கொண்டது. சூழல் பலன் பின்னால் வந்து அளந்தவர்களுக்குத் தெரிந்தது. நம் மருத்துவமனைகளில் இப்படி அளக்கப்படாமல் கிடக்கும் நல்ல பழக்கங்கள் இன்னும் எத்தனையோ இருக்கும் என்பதும், அளப்பதற்குள் அவை ‘நவீனமயமாக்கம்’ என்ற பெயரில் காணாமல் போய்விடக்கூடும் என்பதும் எங்கள் கவலை.

அப்படியென்றால் ஒருமுறை பயன்படுத்தும் பொருள்கள் எல்லாவற்றையும் மறுபடி பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. ஊசி, சிரிஞ்சு, ட்ரிப்ஸ் குழாய் ஆகியவற்றைப் பற்றி மறுபேச்சுக்கே இடமில்லை; எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள் பரவிய பாதை அது. கண்புரைக்குப் பொருந்தும் முறையைக் குடல் அறுவை சிகிச்சைக்கு அப்படியே எடுத்துவைப்பதும் தவறு. தொற்றுத் தடுப்பு வல்லுநர்கள் பல பத்தாண்டுகளாகப் பின்பற்றும் ஸ்பால்டிங் பாகுபாடு இதற்கு வழிகாட்டுகிறது. உடலின் உள்திசுக்களையும் ரத்தத்தையும் தொடும் கருவிகள் முழுக் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். வாய், தொண்டை போன்றவற்றின் உட்படலத்தைத் தொடுபவற்றுக்கு உயர்நிலை நுண்ணுயிர்நீக்கம் வேண்டும். தோலை மட்டும் தொடும் பி.பி. பட்டை போன்றவற்றுக்குச் சுத்தம் செய்தலே போதும். சிக்கனத்துக்கான இடம் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையிலும், துணி, தட்டு, கிண்ணம் போன்றவற்றிலும்தான் இருக்கிறது.

தேவையற்ற இடத்தில் பயன்படுத்துவதை நிறுத்துவது மறுபயன்பாட்டைவிட எளிது. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை 2018இல் கையுறை அவசியமில்லாத வேலைகள் எவை என்று செவிலியர்களுக்குத் தெளிவுபடுத்தியதன் வழியாக மட்டுமே ஓராண்டில் 21 டன் பிளாஸ்டிக்கை மிச்சப்படுத்தியது. கொரோனாவுக்குப் பிறகு நம் ஊர் வார்டுகளிலும் மாத்திரை கொடுப்பதற்கும் படுக்கை விரிப்பதற்கும்கூடக் கிளவுஸ் போட்டுக்கொள்ளும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளவுஸ் போட்ட கையைக் கழுவத் தோன்றாது என்பதால், தொற்றுத் தடுப்புக்கும் அது நல்லதன்று.

ஒரு பொருளின் சுமையை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

ஒரு பொருளைச் செய்வது முதல் அகற்றுவது வரை ஆகும் சுமை முழுவதையும் கூட்டிப் பார்க்கும் வாழ்க்கைச்சுழற்சி மதிப்பீடு என்ற முறையில் கணக்கிடுகிறோம். கல்யாண மண்டபத்தில் எவர்சில்வர் டம்ளரா, காகித டம்ளரா என்று கேட்டால், கழுவத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, டம்ளர் எத்தனை முறை பந்திக்கு வரும் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது அல்லவா? அறுவை சிகிச்சை அங்கிக்கும் அதே கேள்விகள்தான். நெய்த துணி அங்கி பலமுறை துவைத்து, நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கப்படும். ஒருமுறை அங்கி பாலிப்ரொப்பிலீனில் செய்யப்பட்டு, எங்கிருந்தோ வந்து, எரிக்கப்படும். எது மேல் என்பதைத் துவைக்கும் தண்ணீரும், அதைச் சூடாக்கும் எரிபொருளும், துணி எத்தனை சுழற்சிக்குத் தாங்கும் என்பதும் சேர்ந்து முடிவுசெய்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கணக்குக்குப் பயன்படும் தரவுத்தொகுப்புகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் உருவானவை. நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நிலக்கரியைக் குறைத்துவிட்ட நாடுகளில் அது இதைவிட மிகக் குறைவு. அங்கே துவைத்துப் பயன்படுத்துவதற்குக் கிடைக்கும் சாதகத்தை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு பொய்த்துவிடும். எதிர்த்திசையிலும் பிழை நேரலாம்: அங்கே இயந்திர உலர்த்தியில் காய்வது இங்கே பல மருத்துவமனைகளில் கொடியில் காய்கிறது. ஆகவே இந்தத் துறையில் முனைவர் பட்டம் செய்யவரும் மாணவர் முதலில் சில மாதங்களைச் சலவைக்கூடத்திலும் மின்மீட்டர் அறையிலும் கழிக்கவேண்டியிருக்கும். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது. ஆனால் அந்த எண்களைத் தரக்கூடிய புத்தகம் எதுவும் இல்லை.

பெங்களூருக்கே உரிய ஆய்வுப் பொருள் எது என்று கேட்டால் எதைச் சொல்வீர்கள்?

தண்ணீர். இந்த நகரத்துக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பல நூறு மீட்டர் உயரத்துக்கு மோட்டார் வைத்து ஏற்றப்படுகிறது. எனவே இங்கே ஒவ்வொரு குடம் தண்ணீரிலும் மின்சாரம் ஒளிந்திருக்கிறது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, நகரம் டேங்கர் லாரியை நம்பி நின்றபோது, மருத்துவமனைகளும் அந்த வரிசையில்தான் நின்றன.

மருத்துவமனைக்குள் தண்ணீரை அதிகம் குடிக்கும் பிரிவுகளில் ஒன்று டயாலிசிஸ். வழக்கமான நான்கு மணி நேரச் சிகிச்சையில், நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் ஒரு நோயாளிக்கு 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் ஓடுகிறது. அதற்கான தூய நீரைத் தயாரிக்கும் ஆர்.ஓ. இயந்திரமோ உள்ளே வரும் தண்ணீரில் ஒரு பெரும் பங்கை உப்பு கூடிய கழிவுநீராக வெளியே தள்ளுகிறது. பழைய இயந்திரங்களில் அந்தப் பங்கு பாதியையும் தாண்டும். கவனிக்கவேண்டியது என்னவென்றால், இந்த ஆர்.ஓ. கழிவுநீர் நோயாளியின் அருகில்கூடப் போகாதது; டயாலிசிஸ் இயந்திரத்துக்கு முன்னாலேயே பிரிந்துவிடுவது. நோயாளியிடமிருந்து வெளிவரும் பயன்படுத்திய திரவம் வேறு. அது சாக்கடைக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும்தான் போகவேண்டும். இரண்டும் ஒரே வடிகாலில் கலக்கும்படி குழாய் போடப்பட்ட கட்டடங்களில், முதலாவதைப் பிரித்தெடுத்துக் கழிப்பறைத் தொட்டிக்கும் சலவைக்கும் திருப்பிவிடுவதே ஆய்வின் வேலை.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு ஐந்து பேர் வேண்டும். சிறுநீரக மருத்துவர் சிகிச்சை நீரின் தரம் குறையாது என்று உறுதிசெய்ய வேண்டும். நீர் வேதியியலர் உப்பின் அளவைப் பருவந்தோறும் சோதிக்க வேண்டும், ஏனெனில் காவிரி நீரும் போர் தண்ணீரும் கலக்கும் விகிதம் மாதத்துக்கு மாதம் மாறும். உப்பு கூடிய நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் தோட்டத்து மண் கெடும் என்று சொல்ல மண்ணியல் தெரிந்தவர் வேண்டும். குழாய்க்கு வேறு நிறம் பூசி, குடிநீரோடு குழம்பாமல் பார்த்துக்கொள்ளக் கட்டடப் பொறியாளர் வேண்டும். டயாலிசிஸ் டெக்னீஷியனை விட்டுவிட்டால் எதுவும் நடக்காது. காலை ஷிப்டு தொடங்கும் முன் இயந்திரத்தை எத்தனை நிமிடம் வெறுமனே ஓடவிடுகிறார்கள் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

மஞ்சள் பை, சிவப்புப் பை என்று விதிகள் இருக்கின்றனவே? அதில் ஆராய என்ன மிச்சம்?

2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் தெளிவானவை. ரத்தம் தோய்ந்த பஞ்சு, உடல் பாகங்கள் போன்றவை மஞ்சள் பைக்கு, ட்ரிப்ஸ் குழாய், கிளவுஸ் போன்ற பிளாஸ்டிக் சிவப்புக்கு, ஊசி, பிளேடு வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி நீலத்துக்கு. 48 மணி நேரத்துக்கு மேல் கழிவை வைத்திருக்கக் கூடாது. எரியூட்டியின் இரண்டாம் அறையில் வெப்பம் ஏறத்தாழ 1,050 பாகை செல்சியசில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் டையாக்சின் போன்ற நச்சுகள் வெளியேறும்.

விதிக்கும் வார்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஆய்வுப் பொருள். மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் வீட்டுக் குப்பையைப் போன்ற சாதாரணக் கழிவே என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். டிரெஸ்ஸிங் டிராலியைக் கூர்ந்து பாருங்கள்: சிரிஞ்சின் காகித உறை, சலைன் பாட்டிலின் வெளிக்கவர், கிளவுஸ் சுற்றிவந்த தாள் ஆகிய மூன்றும் யார் உடலையும் தொடாதவை. டிராலியின் கீழ்த்தட்டில் மஞ்சள் வாளி மட்டும் தொங்கினால், அவசரத்தில் மூன்றும் அதில்தான் விழும். சுத்தமான காகிதம் எரியூட்டிக்குப் போகும். மருத்துவமனை கழிவின் எடைக்குப் பணம் கட்டும் இடங்களில் அதற்கும் சேர்த்துக் கட்டும். இதை மாற்ற வடிவமைப்புத் துறை மாணவர் ஒருவர் வாளியின் இடத்தை மாற்றிப் பார்ப்பது, பயிற்சி வகுப்பு நடத்துவதைவிடப் பலன் தருவதைக் கண்டிருக்கிறோம்.

இன்னொன்று மொழி. இந்த நகரத்து மருத்துவமனைகளின் ஹவுஸ்கீப்பிங் பணியாளர்களில் கன்னடம், தமிழ், தெலுங்கு பேசுவோர் கலந்திருக்கிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்போ பல இடங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். எந்த வார்டில் எந்த நேரத்தில் எது தப்பான பையில் விழுகிறது என்பதை, ஒரு தமிழ் மாணவி பெஞ்சில் உட்கார்ந்து, ‘அக்கா, உங்களுக்கு எந்தப் பையைத் தூக்கும்போது பயமா இருக்கும்?’ என்று கேட்டு அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். ஊசி குத்தும் பை எது என்று அவர்களுக்குத் தூக்கும்போதே தெரியும்.

சோலார் பேனலை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடலாமா?

தள்ளவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதன் பெறுமதியே வேறு. மின்வெட்டில் தடுப்பூசிக் குளிர்பெட்டியும் பிரசவ அறை விளக்கும் நிற்காமல் இருப்பது அங்கே முதல் பலன். கரியமில வாயு இரண்டாவது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட செல்கோ அறக்கட்டளை பல மாநிலங்களில் இந்த வேலையைச் செய்துவருகிறது. பெரிய நகர மருத்துவமனையில் நிலைமை வேறு: அங்கே ஓ.டி.யின் மின்தேவை, பரப்பளவுக் கணக்கில், மற்றப் பகுதிகளைப்போல் மூன்று முதல் ஆறு மடங்கு வரை இருக்கலாம் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. காற்றை மணிக்கு இருபது முறை மாற்றிக்கொண்டே இருக்கும் ஏ.சி. அமைப்புதான் அதில் முக்கியக் காரணம். இரவில் ஆளில்லாத ஓ.டி.யில் அந்த வேகத்தைப் பாதுகாப்பான அளவுக்குக் குறைத்துவைப்பது, மாடி முழுக்கத் தகடு பரப்புவதற்கு முன்னால் செய்யவேண்டியது.

எனக்கு ஆஸ்துமா. இன்ஹேலரும் சூழலைக் கெடுக்கிறது என்கிறார்களே, நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது, மாற்றவும் கூடாது. அழுத்தினால் பீய்ச்சும் இன்ஹேலர்களில் உந்துவாயுவாக இருக்கும் எச்.எஃப்.சி. 134ஏ, கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் சூடேற்றுவது என்பது உண்மை. மருந்துத் தூள் அடைத்த கேப்ஸ்யூலைப் போட்டு இழுக்கும் தூள் இன்ஹேலரில் அந்த வாயு இல்லை. நம் நாட்டில் அது மலிவாகவும் பரவலாகவும் கிடைக்கிறது. ஆனால் சிறு குழந்தைகளுக்கும், பலமாக உள்ளிழுக்க முடியாத முதியவர்களுக்கும் பீய்ச்சும் வகையே பொருந்தும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவால் ஐ.சி.யூ.வில் ஒரு நாள் கிடப்பதன் சுமை எல்லாவற்றையும்விடப் பெரிது.

பொருளியலும் சமூகவியலும் படித்தவர்களுக்கு இதில் என்ன வேலை?

டைக்ளோஃபெனாக் கதை இதற்கு நல்ல விடை. மனிதர்களின் வலிக்கும் வீக்கத்துக்கும் தரப்படும் மருந்து அது. காப்புரிமை முடிந்து 1990களில் விலை சரிந்ததும் மாடுகளுக்கும் தாராளமாகப் போடப்பட்டது. அந்த மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. சில ஆண்டுகளுக்குள் மூன்று இனங்களில் 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. காரணம் இந்த மருந்துதான் என்று 2004இல் நிறுவியவர்கள் கால்நடை நோயியலரும் பறவையியலரும். கால்நடைப் பயன்பாட்டை அரசு 2006இல் தடைசெய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகச் சுருக்கியது. கழுகுகள் போனதால் மனிதர்களுக்கு நேர்ந்தது என்ன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு பொருளியலர்கள். அழுகிய சடலங்கள், பெருகிய தெருநாய்கள், கெட்ட நீர் ஆகியவற்றின் வழியாக 2000க்கும் 2005க்கும் இடையில் ஏறத்தாழ ஐந்து லட்சம் கூடுதல் மரணங்கள் நேர்ந்தன என்று 2024இல் வெளியான அவர்களுடைய ஆய்வு மதிப்பிட்டது. எஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளைப் பார்க்க நினைப்பவர்கள் தொலைவு போகவேண்டாம். ராமநகர மலைப்பாறைகளில் 2012 முதல் அவற்றுக்கான சரணாலயம் இருக்கிறது.

நான் பி.இ. மாணவன் / செவிலியர் / எம்.பி.பி.எஸ். மாணவி. எங்கே கதவைத் தட்டுவது?

இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் ஏ.கே.என். ரெட்டி 1974இல் தொடங்கிய, கிராமங்களுக்கான தொழில்நுட்பத்தை உருவாக்கும் ‘அஸ்த்ரா’ என்ற பிரிவின் வழிவந்த நிலைத்தகு தொழில்நுட்ப மையம் இருக்கிறது, உயிரமைப்புப் பொறியியல் துறையும் இருக்கிறது. அதே வளாகத்துக்கென்று முதுநிலை மருத்துவப் பள்ளியும் மருத்துவமனையும் 2022இல் அறிவிக்கப்பட்டன. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வு நிறுவனம், மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ், ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகள் ஆகியவை மருத்துவப் பக்கம். பொறியியல் மாணவர்களின் திட்டப்பணிக்குக் கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் நிதியுதவி தருகிறது, எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை உண்டு. எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேட்டுக்கு ஒரு வார்டின் கிளவுஸ் கணக்கே போதுமான தலைப்பு.

முனைவர் பட்டத்துக்கு வருபவர்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பல்துறை ஆய்வு செய்தவரை வேலைக்கான நேர்காணலில் ‘நீங்கள் உண்மையில் எந்தத் துறை?’ என்று கேட்பது இன்னும் ஓயவில்லை. ஒரு துறையில் காலை ஊன்றிக்கொண்டு மற்றதை எட்டிப் பிடிப்பதுதான் இப்போதைக்குப் புத்திசாலித்தனம்.

குப்பையை எடைபோடுவதற்குக்கூட, ஆய்வுகளைச் சரிபார்க்கும் மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா?

நோயாளியின் பெயரோ விவரமோ சேராத எடைக் கணக்குக்கு குழுவின் முழுப் பரிசீலனை தேவைப்படாமல் போகலாம். ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்பதைக் குழுதான் முடிவுசெய்ய வேண்டும், நீங்கள் அல்ல. ஐ.சி.எம்.ஆரின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இதைப் பின்பற்றச் சொல்கின்றன. பணியாளர்களிடம் பேசுவதென்றால் ஒப்புதல் கட்டாயம். ஒப்பந்தத் தொழிலாளி தவறான பையில் போட்டதாகச் சொன்னது மேற்பார்வையாளர் காதுக்கு எட்டினால், போவது அவருடைய வேலை. ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும்; படித்துக் காட்டவும் வேண்டும்.

நோயாளியின் குடும்பமாக நாங்கள் எதையாவது மாற்ற முடியுமா?

முடியும். ‘ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர், அப்பத்தான் தெம்பு வரும்’ என்று கேட்பதை நிறுத்தலாம். விழுங்க முடிகிறவருக்குப் பாரசிட்டமால் மாத்திரை செய்யும் வேலையை நரம்பு வழி மருந்தும் செய்யும்; ஆனால் அதற்குப் பாட்டில், குழாய், ஊசி, பஞ்சு எல்லாம் சேரும், பில்லும் ஏறும். பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கையோடு எடுத்துவந்தால், அதே சோதனை மறுபடி எழுதப்படுவது பலமுறை தவிரும். மாத்திரையைப் பார்த்துத் தொடரச் சொல்வதற்கு மட்டுமான மறுவருகையைத் தர்மபுரியிலிருந்து பஸ் ஏறாமல் தொலைமருத்துவத்தில் முடிக்கலாமா என்று கேளுங்கள். அரசின் இ-சஞ்சீவனி 2019 முதல் இருக்கிறது.

ஆய்வு முடிந்த பிறகு பரிந்துரைகள் நடைமுறைக்கு வருகின்றனவா?

வருபவை உண்டு, ஆண்டு திரும்புவதற்குள் கரைந்துபோபவையும் உண்டு. ஆர்வமுள்ள வார்டு சிஸ்டர் மாற்றலாகிப் போனாலோ, ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தம் கைமாறினாலோ, பயிற்சியால் வந்த மாற்றம் அவர்களோடு போய்விடுகிறது. கொள்முதல் டெண்டரில் எழுதப்பட்டவை மட்டும் பெரும்பாலும் நிலைக்கின்றன. துணி அங்கி குறைந்தது இத்தனை சுழற்சிக்குத் தாங்கவேண்டும், ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீருக்குத் தனி வெளிக்குழாய் இருக்கவேண்டும், வெளியுறைப் பெட்டிகளை விற்பனையாளரே திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் அவை. அதனால் இப்போது எங்கள் குழுக்களில் ஸ்டோர் மேலாளரையும் முதல் கூட்டத்திலிருந்தே சேர்த்துக்கொள்கிறோம். டெண்டர் எந்த மாதம் போடப்படுகிறது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு முன் முடிவுகள் கையில் இருக்கும்படி ஆய்வுக் காலத்தை வகுக்கிறோம்.